ஏரோப்ளான் இழுத்த வண்டி

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டீச்சர், என் எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. ஒரு வரி மேட்டில் ஏறுகிறது, ஒரு வரி பள்ளத்தில் இறங்குகிறது. மன்னிக்க வேண்டும். ஸ்டியரிங் பிடித்துப் பழகிய கை. பேனாவையும் அதே மாதிரி இறுக்கிப் பிடிக்கிறது. அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்துவிட்டது. அதையும் மன்னிக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள், சனிக்கிழமை முதியோர் வகுப்பில் நோட்டை வாங்கிப் படிப்பேன் என்று சொன்னீர்கள். எழுதுகிறேன்.

என் பெயர் இருளப்பன். ஊர் கருங்கணேந்தல். மனைவி பெயர் பேச்சியம்மாள். அப்பா பெயர் வேலாண்டி. அவர் பருத்திக் காட்டுக்குக் காவல் இருந்தவர். பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். அருப்புக்கோட்டைக்குக் கூட நடந்தே போய் நடந்தே வருவார்.

நேற்று பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ்ஸின் நெற்றியில் இருந்ததை எழுத்துக் கூட்டினேன். அ, ரு, ப், பு. அருப்புக்கோட்டை என்று முழுதாக வந்துவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஏற மறந்துவிட்டேன். பஸ் போய்விட்டது. வீட்டில் வந்து சொன்னபோது பேச்சியம்மாள், “படிக்காதப்பவாவது ஒழுங்கா ஊர் போய்ச் சேந்தீக” என்றாள்.

இவ்வளவு எழுத மத்தியானம் முழுவதும் ஆனது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஒரு நல்ல செய்தி. எனக்கு வேலை கிடைத்திருக்கிறது, இந்த வயதில்.

மூடிக்கிடக்கிற பஞ்சு மில்லின் பின்பக்கம் ஒரு ஷெட் உண்டு. அதற்குள் ஒரு பழைய டிராக்டர் கிடக்கிறது. கருவேல முள் ஷெட்டுக்கு உள்ளேயே முளைத்து அதன் சக்கரத்துக்குள் நுழைந்து வெளியே வந்திருக்கிறது. கோயம்புத்தூரிலிருந்து கிரிதரன் என்று ஒரு சார் வந்து, மில்காரர் பேரனிடம் அதை விலைக்கு வாங்கிவிட்டார். பழைய வண்டிகளைத் தேடி வாங்கிச் சரிசெய்து ஓட வைப்பதில் அவருக்கு ஆசை.

மில்லில் வேலை பார்த்த ஆண்களில் உயிரோடு இருப்பது நான்தான். அதனால் என்னைக் கூட்டிப்போனார்கள். நான் அந்த மில்லில் டிராக்டர் டிரைவர். ஆனால் நான் ஓட்டியது பின்னால் வந்த புது வண்டி. இந்தப் பழையது அப்போதே நின்றுபோயிற்று.

கிரிதரன் சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “இது உழறதுக்குச் செஞ்ச டிராக்டர் இல்லீங்க. ரெண்டாம் உலக யுத்தத்துல ஏரோப்ளானை இழுக்கறதுக்குன்னே செஞ்சது. பாருங்க, சீட்டு ரெண்டு பேர் உக்கார்ற அளவுக்கு. சுத்தி இரும்புச் சுவர். பின்னால வின்ச்சு. சீமையிலேயே இப்ப இது கொஞ்சம்தான் மிச்சம்” என்றார். வின்ச் என்பது கம்பி வடத்தைச் சுருட்டுகிற உருளை. எவ்வளவு பெரிய பாரத்தையும் இழுத்துவிடும்.

பிறகு சொன்னார்: “ஆனா இதோட சரித்திரம் தெரியலைன்னா வெறும் இரும்புதாங்க. இதை முதல்ல ஓட்டினது யாரு?”

நான் பதில் சொன்னேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். எனக்கு நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அந்த மில்லில் இத்தனை வருஷம் வேலை பார்த்தும், அதன் வளாகத்துக்குள் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றுதான்.

ஆகஸ்ட் 14, புதன்

சோப்பு உறையைப் படித்தேன். ‘கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும்’ என்று இருக்கிறது. இத்தனை வருஷமாக யாரும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வேலை மும்முரமாக நடக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து பக்கீர் மைதீன் என்று ஒரு ஃபிட்டர் தினமும் வருகிறார். வாய் ஓயாது. எஞ்சின் இறுகிப்போய்க் கிடக்கிறது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து உள்ளே ஊற்றி ஊறவைத்திருக்கிறோம். தினமும் காலையில் பக்கீர் அதன் மேல் காதை வைத்து, “இன்னும் தூங்குதாங்க மகாராணி” என்பார்.

எனக்கு வர்ணம் சுரண்டுகிற வேலை. மேலே பச்சை. அதற்குக் கீழே சிவப்பு. அதற்கும் கீழே சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறம். மழைக்கு முந்தின வானம் போல. அதுதான் ராணுவ நிறம் என்று கிரிதரன் சார் அந்த இடத்தைக் கையால் தடவினார்.

சாயங்காலம் என்னைக் காரில் ஏற்றி ஏரோப்ளான் திடலுக்குக் கூட்டிப்போனார். யுத்தத்தின்போது வெள்ளைக்காரன் போட்ட ஓடுதளம். இப்போது அதில் மிளகாய் வத்தல் காயப்போடுகிறார்கள். காரிலிருந்து இறங்கியதுமே அவர் தும்ம ஆரம்பித்தார். தும்மிக்கொண்டே கேட்டார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஐப்பசி மழையில் ஒரு விமானம் தளத்தை விட்டு விலகிக் கரிசலில் புதைந்துபோனது. வயிற்றில் குண்டு இருந்ததால் சிப்பாய்கள் எல்லாம் தள்ளி நின்றுகொண்டார்கள். டிராக்டர் டிரைவர் மட்டும் சேற்றில் ஊர்ந்துபோய் வடத்தை மாட்டி, அதை இழுத்து மேலே கொண்டுவந்தார். ராத்திரியில் எதிரி விமானத்துக்குத் தெரியாமல் இருக்க விளக்கின் மேல் சாக்கைக் கட்டி, ஒரு கீறல் மட்டும் வெளிச்சம் விட்டு ஓட்டுவார்கள். இதெல்லாம்.

சார் அதை அப்படியே போனில் சீமையில் இருக்கிற ஒரு நண்பருக்கு அனுப்பினார். சாக்குக் கட்டினது, வடம் மாட்டுகிற விதம், எல்லாம் சரி, கிட்ட இருந்தவர்களுக்குத்தான் இது தெரியும் என்று பதில் வந்ததாம்.

கிட்ட இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அது சரிதான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இந்த வாரம் வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். டீச்சருக்குத் தெரிந்ததுதான்.

என் பக்கத்தில் ஆரோக்கியம் அக்கா உட்காருகிறார். என்னைவிட மூத்தவர். நான் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன், அவர் இன்னும் எழுத்தெழுத்தாகத்தான் வருகிறார். “நீ புது டிராக்டரு, விறுவிறுன்னு போற. நான் பழசு. சூடேறி வர நேரமாகும்” என்று சிரிப்பார். ஆனால் பேச்சில் அவரை மிஞ்ச முடியாது. ரேஷன் கடை வரிசையில் இத்தனை காலம் அவர் சொல்லி நான் கேட்ட கதைகளை எழுதினால் இந்த நோட்டுப் பத்தாது.

வெள்ளிக்கிழமை கேட்டார்: “அந்த வண்டிய ஓட வைக்கப் போறாகளாமே. நான் ஒரு நாள் வந்து பாக்கட்டா?”

“இப்ப ஒரே கிரீஸும் அழுக்குமாக் கெடக்குக்கா. சேலை போயிரும். முடியட்டும், சொல்றேன்” என்றேன்.

“முன்னால கம்பியப் போட்டுச் சுத்தித்தான் அத ஸ்டார்ட் பண்ணணும். கட்டை விரலை மடக்கிப் பிடிக்க வேண்டாம்னு சொல்லு. மத்த விரலோட சேத்து வெளியவே வைக்கணும். அது திருப்பி அடிக்கும். எங்கப்பாவுக்கு ஒரு கட்டை விரல் வளைஞ்சிதான் இருக்கும்.”

சரி என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

நோட்டைச் சனிக்கிழமை கொடுக்கவில்லை. வீட்டில் மறந்துவிட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன். நோட்டு பைக்குள்தான் இருந்தது.

ரேடியேட்டர் ஓட்டையை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஓடிவிட்டது.

வெள்ளிக்கிழமை நடந்ததை இன்று எழுதுகிறேன்.

முதலில் பெட்ரோலில் கிளப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்தக் காலத்து வழி. பக்கீர் கம்பியை மாட்டிச் சுற்றத் தயாரானார். கட்டை விரலை மடக்கிப் பிடித்திருந்தார். “பக்கீரு, விரலை வெளிய எடும்” என்றேன். எடுத்தார். சுற்றினார். மூன்றாவது சுற்றில் கம்பி சடாரென்று திரும்பி அடித்தது. அவர் கையை விட்டு எகிறிப்போய்த் தரையில் விழுந்தது. பக்கீர் முகம் வெளுத்துவிட்டது. விரலைத் தூக்கிப் பிடித்து எண்ணிப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“அண்ணாச்சி, இது யாரு சொல்லித் தந்தது?”

நான் வாயைத் திறப்பதற்குள் கிரிதரன் சார் சொன்னார்: “வேற யாருங்க. அவங்க அப்பாதான்.”

“அவரு புண்ணியவான். எம் பொழப்பக் காப்பாத்திட்டாரு” என்று பக்கீர் அந்த விரலை முத்தமிட்டார்.

மறுபடி சுற்றியதும் பிடித்துக்கொண்டது. முதலில் கருப்புப் புகை. அப்புறம் ஒரு கனத்த சத்தம், நெஞ்சில் குத்துகிற மாதிரி. கூரையில் இருந்த புறா எல்லாம் பறந்தன. கிரிதரன் சார் அழுதார். நானும் அழுதேன். அவர் ஏன் அழுதார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் வகுப்பில் ஆரோக்கியம் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். “நேத்துச் சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு இருளப்பா. உலையில அரிசியப் போட்டவ அப்படியே நின்னுட்டேன். எங்கப்பா வீட்டுக்கு வாராருன்னு நெனச்சிட்டேன். மட்கார்டு மேல என்னைய உக்கார வச்சுத்தான் ஓட்டுவாரு. ‘பிடிச்சுக்கோ தாயி’ம்பாரு.”

அந்த வகுப்பில் டீச்சர் கரும்பலகையில் எழுதியது எதுவும் எனக்கு ஏறவில்லை.

செப்டம்பர் 22, ஞாயிறு

பலகை வந்துவிட்டது. தகரத்தில் நீல வர்ணம் அடித்து வெள்ளை எழுத்தில் எழுதியது. ஷெட்டுச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கிரிதரன் சார், “படிச்சுச் சொல்லட்டுங்களா?” என்றார். நானே படிக்கிறேன் என்றேன்.

படித்தேன். மெதுவாகத்தான். யுத்தம், விமானத் தளம், வின்ச் எல்லாம் வந்தது. நாலாவது வரியில் ‘கருங்கணேந்தல் வேலாண்டி’ என்று வந்தது.

என் அப்பா பெயரை எழுத்தில் அதுவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு நிலம் இல்லை, பத்திரம் இல்லை. செத்தபோது நோட்டீஸும் அடிக்கவில்லை. இப்போது பெரிய எழுத்தில், வர்ணத்தில். விரலை வைத்துத் தடவினேன். வே. லா. ண். டி. ஈரம் காயாமல் விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டது.

மூன்று தரம் படித்தேன். முதல் தரம் மட்டும்தான் சந்தோஷமாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். பேச்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆய்வதை நிறுத்தவில்லை.

“யாரு, உங்கப்பாவா? கல்யாணத்துக்குக் கூட மாட்டு வண்டில ஏற மாட்டேன்னு நடந்து வந்த மனுசன எதுக்கு அடுத்தவுக வண்டில ஏத்தி விட்டீக? அவரு நடந்தது போதாதா உங்களுக்கு?”

நான் வெளியே வந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். அது குடித்துவிட்டிருந்தது. மறுபடியும் காட்டினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

டீச்சர் வகுப்பில் ஒரு அறிவிப்புச் சொன்னார். அடுத்த ஞாயிறு எல்லோரையும் மில்லுக்குக் கூட்டிப்போய் அந்தப் பலகையை வாசிக்க வைக்கப் போகிறார். இருளப்பன் ஐயா அப்பாவின் பெருமை நம் எல்லோருக்கும் பெருமை என்றார்.

நல்லவேளை, ஆரோக்கியம் அக்கா அன்று கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நல்லவேளை என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 5, சனி

காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று பேச்சியம்மாளிடம் சொன்னேன். நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். “காய்ச்சல் இல்ல, வேற” என்றாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எல்லோரும் வந்தார்கள். டிராக்டர் நீல நிறத்தில் வெளியே நின்றது. ஆரோக்கியம் அக்கா புதுக் கண்ணாடி போட்டிருந்தார். வந்ததும் நேரே இடதுபக்க மட்கார்டுக்குப் போய் அதன் மேல் கையை வைத்தார். அதில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. பக்கீர் தட்டி எடுத்துவிடுகிறேன் என்று சொன்னபோது கிரிதரன் சார் பழமைக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அக்காவின் உள்ளங்கை அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

டீச்சர் ஒவ்வொருவரையும் ஒரு வரி வாசிக்கச் சொன்னார். நான் ஷெட்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். நாலாவது வரி அக்காவுக்கு வந்தது.

“இ… ந்… த, இந்த. வண்… டி… யை, வண்டியை. ஓட்… டி, ஓட்டி…” அவர் குரல் ஏறியது. என்ன வரப்போகிறது என்று தெரிந்த மாதிரி சிரித்துக்கொண்டே வாசித்தார். “வி… மா… ன… த்… தை, விமானத்தை. மீட்… ட, மீட்ட. க… ருங்… கணேந்தல்.” ஊர் பெயர் முழுதாக வந்ததும் எங்களைத் திரும்பிப் பார்த்தார். பெருமையாக. மறுபடி கண்ணைப் பலகைக்குக் கொண்டுபோனார்.

“வே” என்றார். நின்றுவிட்டார்.

டீச்சர் அவருக்கு எழுத்து வரவில்லை என்று நினைத்து, “வேலாண்டி. பயப்படாமச் சொல்லுங்கம்மா” என்றார்.

“வருது டீச்சர். எழுத்து வருது” என்றார் அக்கா.

கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு முழுப் பெயரையும் வாசித்தார். ஒரு எழுத்தும் தவறவில்லை. டீச்சர் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள்.

தூணுக்குப் பக்கம் வந்து என் முன்னால் நின்றார். கத்தவில்லை. “ஒங்கப்பா பேரு வேலாண்டியா. இத்தன வருசம் ஒரே வரிசைல நின்னோம், எனக்குத் தெரியல பாரு” என்றார். அப்புறம், “விரலை வெளிய வச்சாகளா?” என்று கேட்டார்.

“வச்சாங்கக்கா.”

“அது போதும்” என்று சொல்லிவிட்டு நடந்து போய்விட்டார்.

யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேருக்கு முன்னால் திட்டியிருக்கலாம். செருப்பைக் கழற்றியிருக்கலாம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. எங்கள் பக்கம் வண்டிக்குப் பூஜை போட்டால் அதை முதலில் ஓட்டினவர் வீட்டு ஆள்தான் ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்க வேண்டும். தலையில் துண்டு கட்டி என்னை ஏற்றினார்கள். நானும் ஏறினேன். இறங்கியிருக்கலாம். ஏறினேன். கியரைப் போட்டேன். பழம் நசுங்கியது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

மட்கார்டு பக்கம் நான் திரும்பவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆரோக்கியம் அக்கா வாரம் முழுவதும் வகுப்புக்கு வரவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். “மொத மொதல்ல வாசிச்சது போதும் டீச்சர். அடுப்புப் பத்தவைக்கக் காயிதம் வேணும், புஸ்தகத்த எடுத்துக்கிடட்டா?” என்று கேட்டாராம். என்ன கோபம் என்று டீச்சருக்குப் புரியவில்லை. என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

இனி இந்த நோட்டில் ஒளிக்க மாட்டேன்.

இந்த வண்டியை ஓட்டியவர் ஆரோக்கியம் அக்காவின் அப்பா மரியசூசை. திடலில் கல் உடைக்கப் போனவர். ஒரு சிப்பாய் அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தான். யுத்தம் முடிந்து மில்காரர் வண்டியை ஏலத்தில் எடுத்தபோது, அவர் இல்லாமல் அது கிளம்பாது என்று அவரையும் சேர்த்துக் கூட்டிவந்தார்கள். நான் சின்னப் பையனாக வரப்பில் நின்று அவர் போவதைப் பார்த்திருக்கிறேன். புது டிராக்டர் வந்து எனக்கு வேலை கிடைத்த அன்று அவரை நிறுத்திவிட்டார்கள். விமானக் கதை, சாக்குக் கதை எல்லாம் அக்கா சொல்லி நான் கேட்டவை.

நான் யோசித்துப் பொய் சொல்லவில்லை. கிரிதரன் சார், “முதல்ல ஓட்டினது யாரு?” என்று கேட்டார். “அவரு வந்து…” என்று ஆரம்பித்தேன். “உங்க அப்பாங்களா?” என்றார். அவர் கண் அப்படி விரிந்தது. ஆமா என்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. அதற்குப் பிறகு நாற்காலி வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபின் இல்லை என்று சொல்ல என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

இன்னொன்று. சின்ன வயதில் என் காலில் முள் ஏறிச் சீழ் கட்டியபோது, அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்து அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார். தாண்டிப்போன பஸ் நின்று ஏறச் சொன்னது. என்னை மட்டும் ஏற்றிவிட மனமில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த ஆள் எனக்குப் போதாது என்று நினைத்துத்தான் அவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்திருக்கிறேன். யாரிடம் முதலில் வெட்கப்படுவது என்று தெரியவில்லை. மரியசூசையிடமா, வேலாண்டியிடமா.

அக்டோபர் 20, ஞாயிறு

கிரிதரன் சார் நேற்று கோயம்புத்தூரிலிருந்து வந்தார். வண்டியைக் கண்காட்சிக்குக் கொண்டுபோக லாரி பேச வந்திருந்தார். சொல்லிவிட்டேன். பக்கீரும் இருந்தார்.

கிரிதரன் சார் கையில் இருந்த போனைப் பைக்குள் வைத்தார்.

“எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருக்கேன் தெரியுங்களா? சீமைக்கு எழுதியிருக்கேன். என்னைப் பைத்தியக்காரனாக்கிட்டீங்களே பெரியவரே.” அப்புறம், “அப்ப அந்த ஏரோப்ளான் கதையும் பொய்தானுங்களா?” என்றார்.

“கதை நெசம் சார். ஆளைத்தான் மாத்திட்டேன்.”

பக்கீர் தன் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டார். “அப்ப நான் தப்பான ஆளுக்குல்ல துவா கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றார். எப்போதும் சிரிப்பவர் சிரிக்கவில்லை.

அன்று எனக்கு யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை. நின்றுகொண்டே இருந்தேன். அப்படி நிற்பது சுலபமாக இருந்தது.

மூன்று பேரும் அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் வாசலில் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தார். கிரிதரன் சார் ரொம்ப மரியாதையாகப் பேசினார். தெரியாமல் நடந்துவிட்டது, உங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்றார்.

அக்கா கிளறுவதை விடாமல் சொன்னார்: “இவன் சொல்லல, சரி. நீங்க இம்புட்டுத் தேடுனீகளே, ஊருக்குள்ள ஒரு பொம்பளகிட்டக் கேட்டீகளா?”

சார் தும்மினார். மிளகாய்க் காரம்.

“புதுப் பலகை எழுதிரலாம்மா. இந்த வாரமே” என்றார்.

“வேணாம். எழுதத் தெரிஞ்சவுக எழுதுன லச்சணத்தத்தான் பாத்தேனே. எங்கப்பா பேர நான் எழுதுறேன்.”

“உங்களுக்கு…”

“வராது. இன்னும் வராது. வந்ததும் எழுதுறேன். வண்டி அதுவரைக்கும் நிக்கட்டும். இவ்வளவு காலம் நின்னுச்சுல்ல.”

கிரிதரன் சார் என்னைப் பார்த்தார். பிறகு லாரிக்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னார்.

கிளம்பும்போது, “அக்கா, என்னைய…” என்று ஆரம்பித்தேன்.

“ஓரமா நில்லு, வத்தல மிதிச்சிராத” என்றார்.

அக்டோபர் 27, ஞாயிறு

பலகையில் அப்பா பெயரை நானே நீல வர்ணம் வைத்து அழித்தேன். வே போனது. லா போனது. கடைசியாக டி. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பக்கீர் பக்கத்தில் நின்று பார்த்தார். “அழிக்கிறது மட்டும் நேரா வருது அண்ணாச்சி ஒமக்கு” என்றார். மறுபடி கேலி பேச ஆரம்பித்துவிட்டார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

திங்கட்கிழமை அக்கா வகுப்புக்கு வந்தார். என் பக்கத்தில் உட்காரவில்லை. முன் வரிசையில் உட்கார்ந்து, “டீச்சர், எனக்கு மத்த எழுத்தெல்லாம் அப்புறம். மரியசூசைக்கு என்னென்ன வேணுமோ அத மொதல்ல தாங்க” என்றார்.

டீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால்தான் ஆகஸ்ட் கடைசியிலிருந்து கொடுக்காமல் ஒளித்து வைத்த இந்த நோட்டை, எல்லாப் பக்கங்களோடும், சனிக்கிழமை கொடுத்தேன். டீச்சர் அன்று சாயங்காலமே படித்துத் திருப்பித் தந்தார். கிழிந்த பக்கத்தை மட்டும் ஒட்டிக் கொடுத்திருந்தார்.

நவம்பர் 3, ஞாயிறு

இன்று ஷெட்டில் அக்கா பிரஷ் பிடித்துப் பழகினார். பக்கீர் ஒரு பழைய தகரத்தைத் தேய்த்துக் கொடுத்திருக்கிறார். அக்கா முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, வர்ண டப்பாவைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். அவர் ஆளைப் பார்த்துக் கூப்பிடவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டினார். நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

என்னிடம் இரண்டு வார்த்தைதான் பேசுகிறார். “பிடி.” “ஆட்டாத.”

ம வந்துவிட்டது. ரி நன்றாக வந்தது. யவும் வந்தது. சூவில்தான் நின்றுவிட்டார். கீழே சுழித்து மேலே கொண்டுபோகிற இடத்தில் கோடு விலகிப்போகிறது. எனக்கும் அந்த எழுத்து அப்படித்தான் இருந்தது, பிரஷ்ஷை லேசாகப் பிடித்தால் வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவர் அப்பாவின் பெயரில் எனக்கு என்ன வேலை. டப்பாவை ஆட்டாமல் பிடித்தேன்.

அக்கா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு மண்ணெண்ணெய்த் துணியால் சூவை மட்டும் துடைத்துவிட்டார். மரிய என்பது மட்டும் தகரத்தில் நின்றது.

“அடுத்த ஞாயித்துக்கிழமை” என்றார், தகரத்திடம்.

பக்கீர் வண்டியைக் கிளப்பினார். வாரம் ஒருமுறை ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறுகிவிடும். சத்தம் எழுந்ததும் அக்கா எழுந்து போய் மட்கார்டில் கையை வைத்து நின்றார். நான் பிரஷ்ஷைக் கழுவினேன்.

டீச்சர், இந்த வாரமும் எழுத்து கோணல்தான். அடுத்த ஞாயிறு சூ வருகிறதா என்று பார்த்துவிட்டு, டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.